தஞ்சையில் பறிபோன நாற்காலி
காவிரிக்கரை அரசியல் – 17

1932 அக்டோபர் 10. காவிரிப் படுகையில் சம்பா நடவு நடக்கும் காலம். ஆற்றில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்ற கவலையோடு மிராசுதார்கள் வரப்பில் நிற்கிற மாதம் அது. மேட்டூரில் அணை வேலை ஏழு வருடமாக நடந்துகொண்டிருந்தது, இன்னும் முடிந்தபாடில்லை. அந்த நேரத்தில்தான் சென்னை மாகாணத்தின் நாலாபுறத்திலிருந்தும் ராஜாக்களும், ஜமீன்தார்களும், ராவ் பகதூர்களும், ஜில்லா போர்டுத் தலைவர்களும் தஞ்சாவூரில் வந்து இறங்கினார்கள். நீதிக்கட்சியின் பன்னிரண்டாவது ஆண்டு மாநாடு. ஆண்டு மாநாடு என்று பெயர்தானே தவிர, கூடி மூன்று வருடம் ஆகியிருந்தது.

மாகாணத்தின் முதல் மந்திரியே கட்சியின் தலைவர்: பொ. முனுசாமி நாயுடு. சித்தூர் ஜில்லாவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த வக்கீல். மாநாட்டுத் தலைமைக்கு அவர் பெயர் எழுந்ததும் எதிர்க்கோஷ்டி ஆட்சேபித்தது. ஆட்சேபித்ததோடு விடவில்லை, மேடையேறி வந்து, அவரைத் தலைமை நாற்காலியில் உட்காரவிடாமல் மறித்தது. பதவியிலிருக்கும் முதல் மந்திரியை, அவருடைய சொந்தக் கட்சிக்காரர்கள், அவருடைய சொந்தக் கட்சி மாநாட்டில் நாற்காலியை நெருங்கவிடாமல் தடுத்தார்கள். அடிதடிக்குச் சற்றும் பழக்கமில்லாத கட்சி இது. சட்டசபையில் ஆங்கிலத்தில் பேசி, மாலையில் காஸ்மாபாலிடன் கிளப்பில் கூடிக் கலைகிற கனவான்களின் கட்சி. இரண்டு நாள் முடிவதற்குள் நாயுடு கட்சித் தலைமையிலிருந்து இறக்கப்பட்டார்; ஜமீன்தாரான பொப்பிலி ராஜா அந்த இடத்துக்கு வந்தார். ராஜாவுக்கு அப்போது வயது முப்பத்தொன்று.

மாதம் திரும்புவதற்குள் மந்திரிசபையும் கவிழ்ந்தது. சட்டசபையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரும் என்று தெரிந்துகொண்ட நாயுடு நவம்பர் 4ஆம் தேதி ராஜினாமா செய்தார். மறுநாள் பொப்பிலி ராஜா முதல் மந்திரி. வேடிக்கை என்னவென்றால், நாயுடுவோடு மந்திரிகளாக இருந்த பி.டி. ராஜனும் எஸ். குமாரசாமி ரெட்டியாரும் பொப்பிலியின் மந்திரிசபையிலும் மந்திரிகளாகவே தொடர்ந்தார்கள். கொள்கை மாறி ஆட்சி மாறியது என்றால் மூன்றில் இரண்டு பேர் அப்படியே எப்படி இருந்திருப்பார்கள்? ஆளைத்தான் மாற்றினார்கள்.

நீதிக்கட்சியை 1937 தேர்தலில் காங்கிரஸ் அழித்தது என்றுதான் பள்ளிக்கூடப் புத்தகம் சொல்கிறது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 1937இல் காங்கிரஸ் தோற்கடித்தது ஏற்கெனவே உள்ளே உளுத்துப்போன ஒரு கட்சியை. அந்த உளுப்பு ஊரறிய வெளியே தெரிந்த இடம் தஞ்சாவூர். ஏன் அப்படி ஆயிற்று என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1916 நவம்பரில் சென்னை வேப்பேரியில், பிட்டி. தியாகராய செட்டியார், டாக்டர் டி.எம். நாயர், டாக்டர் சி. நடேச முதலியார் முதலானவர்கள் கூடித் தொடங்கியது தென்னிந்திய நல உரிமைச் சங்கம். ‘ஜஸ்டிஸ்’ என்ற அதன் ஆங்கிலப் பத்திரிகையின் பெயரே கட்சிக்கும் ஒட்டிக்கொண்டது. அரசாங்க உத்தியோகத்திலும் படிப்பிலும் பிராமணர்கள் கையிலிருந்த பெரும்பங்கை மற்றவர்களுக்கும் பிரித்துத் தர வேண்டும் என்ற அதன் கோரிக்கை அந்தக் காலத்துக்குப் புரட்சிகரமானது. அதை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் கோரிக்கை புதியது, கோரியவர்கள் பழையவர்கள். நிலமும் வட்டியும் வியாபாரமும் வைத்திருந்தவர்கள். வெள்ளைக்காரன் உடனே போய்விடக் கூடாது என்று நினைத்தவர்கள். சொத்துரிமையில் கைவைக்கிற எதையும் சந்தேகத்தோடு பார்த்தவர்கள். சமூக நீதியில் முன்னோடி, பொருளாதாரத்தில் பழமைவாதி என்ற இந்த இரட்டைச் சுபாவம் கட்சியைக் கடைசிவரை விடவில்லை.

1920இல் மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தபோது காங்கிரஸ் களத்தில் இல்லை. தேர்ந்தெடுக்கப்படும் 98 இடங்களில் 63 நீதிக்கட்சிக்கு வந்தது. சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரி. உடல்நலக் குறைவால் சில மாதத்தில் விலக, பனகல் ராஜா வந்தார். ஆட்சிக்கு வந்த வேகத்திலேயே விரிசலும் வந்தது. முதல் மந்திரிசபையில் இருந்த மூவரும் தெலுங்கர்கள். தமிழ் ஜில்லாக்காரர்கள் முணுமுணுத்தார்கள். 1923 தேர்தலில் கட்சியின் பலம் 44ஆகச் சரிந்ததும், திருநெல்வேலிப் பக்கத்து டி.என். சிவஞானம் பிள்ளையைச் சேர்த்து அந்த முணுமுணுப்பை அடக்கப் பார்த்தார் பனகல். அதற்குள் சி.ஆர். ரெட்டி, தலைமை சர்வாதிகாரமாக நடக்கிறது என்று குற்றஞ்சாட்டித் தனிக்கட்சி கண்டுவிட்டார். அந்த நவம்பரிலேயே பனகல் மந்திரிசபை மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. இந்தியச் சட்டசபை வரலாற்றில் அப்படியொரு தீர்மானம் வந்தது அதுவே முதல் முறை. 44க்கு 65 என்ற ஓட்டில் பனகல் பிழைத்தார். அதே 1923இல் ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜாவும் கட்சியைவிட்டு வெளியேறினார். தாழ்த்தப்பட்டவர்கள் வெளியேறியதைக் கட்சி பெரிய நஷ்டமாகக் கணக்கில் வைத்ததாகத் தெரியவில்லை. ஓட்டுரிமையே சொத்தையும் வரியையும் வைத்துக் கொடுக்கப்பட்ட காலம் அல்லவா?

மூத்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். நாயர் 1919இல், தியாகராயர் 1925இல், பனகல் 1928 டிசம்பரில். எல்லாரும் எழுந்து நிற்கிற அளவுக்கு மரியாதையுள்ள பெரியவர் கட்சியில் ஒருவரும் மிஞ்சவில்லை. தலைவரைத் தேர்ந்தெடுக்க ஒழுங்கான முறையும் இல்லை. கிளைகள், சந்தா கட்டும் உறுப்பினர்கள், கீழிருந்து மேலே வரும் பிரதிநிதிகள் என்று காங்கிரஸ் 1920க்குப் பிறகு கட்டிய அமைப்பு போல ஒன்று இவர்களிடம் கிடையாது. இருந்தது, சட்டசபை உறுப்பினர்களும் அவர்களுடைய ஜில்லாச் செல்வாக்கும்.

அந்த ஜில்லாச் செல்வாக்கு என்பது என்ன? இதைப் புரிந்துகொள்ளத் தஞ்சாவூரைவிட நல்ல இடம் கிடையாது.

1919 சட்டப்படி வந்தது இரட்டையாட்சி. மாகாண அரசின் இலாகாக்களை இரண்டாகப் பிரித்தார்கள். நிலவரி, நீர்ப்பாசனம், போலீஸ், கஜானா ஆகியவை கவர்னரின் நிர்வாக சபை உறுப்பினர்கள் கையில். ஸ்தல ஸ்தாபனம், கல்வி, சுகாதாரம், கலால், பத்திரப் பதிவு முதலியவை மந்திரிகள் கையில். டெல்டா விவசாயியை எழுப்பி உன் கவலை என்ன என்று கேட்டால் இரண்டே சொல்லுவான்: தண்ணீர், கிஸ்தி. இரண்டுமே மந்திரிகளின் எல்லைக்கு அப்பால். மேட்டூர் அணை வந்தால் அதன் பெருமை கவர்னருக்கும் நிர்வாக சபைக்கும் போகும். 1934 ஆகஸ்டில் அணை திறந்தபோது அது ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்றுதான் பெயர் பெற்றது. தீர்வை ஏறினால் மந்திரி அதைத் தடுக்க முடியாது; ஆனால் ஓட்டுக் கேட்டு வரும்போது பழியை மட்டும் அவர்தான் சுமக்க வேண்டும்.

அப்படியானால் மந்திரி எதைக் கொடுக்க முடியும்? பதவியைக் கொடுக்கலாம். ஸ்தல ஸ்தாபன மந்திரி என்றால் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, முனிசிபாலிடிகளில் நியமன உறுப்பினர்களைப் போடும் அதிகாரம். சாலை, பாலம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் போர்டு வழியே. அதோடு பனகல் காலத்தில் வந்த இந்து அறநிலையச் சட்டம். தஞ்சாவூர் ஜில்லாவில் ஊருக்கு ஊர் கோயில். கோயிலுக்குக் கோயில் நஞ்சை. திருவாவடுதுறை, தருமபுரம், திருப்பனந்தாள் என்று ஆதீனங்களின் நிலம் தாலுகா தாலுகாவாகப் பரந்து கிடந்தது. கோயில் கமிட்டியில் யார் உட்காருவது என்பது அங்கே பக்தி விஷயம் மட்டும் அல்ல, குத்தகை விஷயம், ஊர்க்கௌரவ விஷயம், பல நேரம் சாதி விஷயம். மந்திரி தலையசைத்தால் ஒரு மிராசுதார் பெரிய மனிதர் ஆவார். தலையசைக்காவிட்டால் அவருடைய பங்காளி ஆவார். முதல் மந்திரி நாற்காலி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகிறது என்றால், இந்த நியமனங்கள் எல்லாம் கைமாறுகின்றன என்று பொருள். தலைமைச் சண்டை ஏன் இவ்வளவு வெறியோடு நடந்தது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இந்த அதிகாரத்தை நல்லபடியும் பயன்படுத்தலாம் என்று காட்டியவரும் தஞ்சாவூர்க்காரர்தான். நன்னிலம் பக்கம் பெரும்பண்ணையூரில் 1888இல் பிறந்த ஏ.டி. பன்னீர்செல்வம். கத்தோலிக்கர், இங்கிலாந்தில் படித்த பாரிஸ்டர். 1924 முதல் 1930 வரை தஞ்சாவூர் ஜில்லா போர்டுத் தலைவர். மராட்டிய மன்னர்கள் விட்டுப்போன சத்திரச் சொத்துக்களின் வருமானம் போர்டின் பொறுப்பில் இருந்தது. அதில் நடந்த திருவையாற்றுக் கல்லூரியில் அதுவரை வடமொழிப் படிப்பு மட்டும்தான். அங்கே தமிழும் நுழைந்து, தமிழ் வித்துவான்கள் உருவாகும் இடமாக அது மாறியதில் பன்னீர்செல்வத்துக்கும் கரந்தைத் தமிழ்ச் சங்கத்து உமாமகேசுவரனாருக்கும் பெரும்பங்கு உண்டு. இருவரும் நீதிக்கட்சிக்காரர்கள். ஏழை வீட்டுப் பையன் தமிழ் படித்துப் புலவர் பட்டம் பெற்று உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராகப் போன கதை டெல்டாவில் ஆயிரக்கணக்கான குடும்பங்களில் உண்டு. நீதிக்கட்சியின் சாதனை எது என்று கேட்டால் நான் சட்டசபைத் தீர்மானங்களுக்கு முன்னால் திருவையாற்றைச் சொல்லுவேன்.

இப்படிப்பட்டவர்களுக்குக் கட்சியின் உச்சியில் என்ன இடம் கிடைத்தது என்பது வேறு கதை. அதைப் பிறகு சொல்கிறேன்.

1926 தேர்தலில் நீதிக்கட்சி 21 இடத்துக்கு இறங்கியது. 41 இடம் வென்ற, காங்கிரஸ்காரர்களின் சுயராஜ்யக் கட்சி ஆட்சியமைக்க மறுக்க, டாக்டர் ப. சுப்பராயன் சுயேச்சை மந்திரிசபை அமைத்தார். பதவியில்லாத நான்கு வருடம் கட்சிக்குள் சண்டையை மும்முரமாக்கியது. 1927இல் கோயம்புத்தூரில் கூடி, விரும்பினவர்கள் காங்கிரசிலும் சேரலாம் என்று தீர்மானம் போடும் அளவுக்குக் குழப்பம். 1929 அக்டோபரில் நெல்லூர் மாநாட்டில் பிராமணர்களையும் கட்சியில் சேர்க்கலாமா என்று ஒரு தீர்மானம் வந்தது. அதை ஆதரித்துப் பேசியவர் முனுசாமி நாயுடு. பெரியாரின் சுயமரியாதைக்காரர்களும் கட்சிக்குள் இன்னொரு பிரிவினரும் கடுமையாக எதிர்க்க, தீர்மானம் கைவிடப்பட்டது. நாயுடுமேல் நம்பிக்கையில்லாதவர்களின் பட்டியல் வளர ஆரம்பித்தது அங்கேதான்.

ஆனாலும் பனகலுக்குப் பிறகு தலைவர் அவர்தான். 1930இல் அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது. அந்த ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தஞ்சாவூர் ஜில்லா முழுக்க நடந்து வேதாரண்யத்தில் உப்பு அள்ளியிருந்தார். சட்டமறுப்பில் இறங்கிய காங்கிரஸ் சட்டசபைத் தேர்தலில் நிற்கவில்லை. போட்டியே பலவீனமான அந்தத் தேர்தலில் 35 இடம் வென்று நீதிக்கட்சி பெரிய கட்சியாக வந்தது. ஊரே தெருவில் நின்று வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தபோது கிடைத்த வெற்றி அது. கட்சிக்காரர்கள் அதை மக்கள் தீர்ப்பு என்று நம்பிவிட்டார்கள்.

அக்டோபர் 27ஆம் தேதி நாயுடு பதவியேற்றார். ராஜனையும் குமாரசாமி ரெட்டியாரையும் சேர்த்துக்கொண்டார். சேர்க்காமல் விட்ட இருவர்தான் பிறகு அவருக்கு எமனானார்கள். ஒருவர் பொப்பிலி ராஜா. மற்றவர் செட்டிநாட்டு ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் மகன் குமாரராஜா முத்தையா செட்டியார். ஒருவருக்கு விசாகப்பட்டினம் ஜில்லாவின் பெரிய ஜமீன். இன்னொருவருக்குப் பின்னால் பர்மா, இலங்கை, மலேயா வரை பரவிய நகரத்தார் மூலதனம். கட்சியின் செலவு இம்மாதிரி பணப்பைகளை நம்பித்தான் ஓடியது. பணம் நம்முடையது, பதவி ஒரு வக்கீலுக்கா என்ற கேள்வி வாய்விட்டுக் கேட்கப்படாவிட்டாலும் எல்லார் மனதிலும் இருந்தது. நவம்பரிலேயே, அதாவது மந்திரிசபை அமைந்த அடுத்த மாதமே, முத்தையா செட்டியார் முன்னின்று ‘ஜிஞ்சர் குரூப்’ என்ற அதிருப்தி அணியைத் திரட்டிவிட்டார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது.

நாயுடு பக்கமும் நியாயம் மட்டுமே இருந்தது என்று சொல்ல மாட்டேன். மாநாட்டைக் கூட்டினால் தலைமைக்கு ஆபத்து என்று தெரிந்து மூன்று வருடம் கூட்டாமலே தள்ளிப்போட்டார். தலைமைப் பதவி விஷயத்தில் சக மந்திரி பி.டி. ராஜனோடும் மனஸ்தாபம். கட்சியைக் கூட்டிப் பேசியிருந்தால் பாதிப் பேரைச் சமாதானப்படுத்தியிருக்கலாம். பேசாமல் வைத்த புண் மூன்று வருடம் சீழ் கோத்தது. கடைசியில் கூட்டியே ஆகவேண்டிய நிலை வந்தபோது, கூடிய இடம் தஞ்சாவூர்.

இனி மிராசுதார் பக்கம் வருவோம். தஞ்சாவூர் ரயத்துவாரி ஜில்லா. பாப்பாநாடு போன்ற சில பாளையங்கள் நீங்கலாக, நிலமுடையவர்கள் சர்க்காருக்கு நேரே கிஸ்தி கட்டியவர்கள். முப்பது வருடத்துக்கு ஒருமுறை தீர்வையை மாற்றி ஏற்றுகிற முறைக்கு உட்பட்டவர்கள். பொப்பிலி, வெங்கடகிரி போன்ற ஜமீன்களின் கதை வேறு. 1802 ஏற்பாட்டின்படி நிரந்தரமாக நிர்ணயித்த பேஷ்கஷ் என்ற கப்பத்தைக் கட்டிவிட்டு, குடிகளிடம் வசூலித்துக்கொள்கிறவர்கள். தீர்வை ஏறினால் மிராசுதாருக்கு வலிக்கும், ஜமீன்தாருக்கு வலிக்காது. ஜமீன் குடிகள் கிளர்ச்சி செய்தால் ஜமீன்தாருக்கு வலிக்கும், மிராசுதார் கண்டுகொள்ள மாட்டார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் நிலப்பிரபுக்கள், ஒரே கட்சி. உள்ளே அவர்களுடைய வயிற்றுக் கவலை ஒன்றல்ல.

அந்தக் கவலையும் 1930க்குப் பிறகு உச்சத்தில் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரசரவென்று விழுந்தது. போதாக்குறைக்குச் சென்னைத் துறைமுகத்தில் மலிவான பர்மா அரிசி வந்து குவிந்தது. பர்மா அன்று இந்தியாவின் ஒரு மாகாணம், 1937இல்தான் பிரிந்தது. ஆகவே அதற்கு இறக்குமதி வரி போட வழியில்லை. நெல் விற்ற பணம் சுருங்கிப்போக, கிஸ்தி மட்டும் ரூபாயில் பழையபடி நின்றது. மலேயாவில் ரப்பர் விலை விழுந்ததால், நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போன கூலிக்காரர்கள் வேலையிழந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். செட்டிமார்களிடம் கடன் வாங்கியிருந்த மிராசுதார் நிலத்தை எழுதிக்கொடுத்தார். பண்ணையாளின் பாடு இதற்கெல்லாம் கீழே; அவனுடைய கூலியையும் கடனையும் பற்றிக் கேட்க எந்தக் கட்சியும் அன்று முன்வரவில்லை.

இவ்வளவு நெருக்கடி நிலவிய ஊரில் கூடிய கட்சி, யார் தலைவர் என்பதற்காகக் கைகலந்து கலைந்தது. மாகாண மந்திரிகளின் மாதச் சம்பளம் 4,333 ரூபாய்ச் சொச்சம் என்பதைக் காங்கிரஸ் மேடைகள் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த காலம். கிஸ்தி கட்ட வழியில்லாமல் தாலியை அடகு வைத்தவனுக்கு அந்தச் சண்டை எப்படித் தெரிந்திருக்கும்? எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். நாயுடு ஒன்றும் ஏழைகளின் தலைவரில்லை. ஆனால் ரயத்துக் குடும்பத்திலிருந்து வந்தவர். விவசாயியின் கட்சி என்று சொல்லிக்கொள்ள நீதிக்கட்சிக்கு மிஞ்சியிருந்த ஒரே முகத்தையும் தஞ்சாவூரில் கழற்றிவைத்துவிட்டு, ஒரு ராஜாவை உட்காரவைத்தார்கள். தெருவில் காங்கிரஸ் கதர் கட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்த வருடத்தில்!

பழமைவாதக் கட்சி என்றால் உட்சண்டை வரக் கூடாது என்று சட்டமில்லை. இதற்குச் சரியாகப் பத்து வருடம் முன்பு, 1922 அக்டோபரில், லண்டன் கார்ல்டன் கிளப்பில் கூடிய பிரிட்டிஷ் கன்சர்வேடிவ் உறுப்பினர்கள் தங்கள் தலைவர் ஆஸ்டின் சேம்பர்லின் பேச்சைத் தள்ளிவிட்டு லாயிட் ஜார்ஜ் கூட்டணியிலிருந்து வெளியேறினார்கள். தலைவர் போனார், பிரதம மந்திரியும் போனார். ஆனால் அடுத்த மாதம் நடந்த பொதுத்தேர்தலில் அதே கட்சி பெரும்பான்மையோடு வந்தது. அங்கே தொகுதிக்குத் தொகுதி சங்கமும் ஊழியர்களும் இருந்தார்கள். மேலே தலை உருண்டாலும் கீழே ஆள் இருந்தது. நீதிக்கட்சியில் மேலே இருந்தவர்கள்தான் கட்சி.

தோற்ற நாயுடு தன் ஆட்களோடு ஜஸ்டிஸ் ஜனநாயகக் கட்சி என்று தனியே போனார். சட்டசபையில் இருபது பேர் அவர் பக்கம். 1935இல் அவர் இறந்ததும் அந்த அணி தாய்க்கட்சிக்கே திரும்பிவிட்டது. ஒரு மனிதரைச் சுற்றி எழுந்த அணி அவரோடு முடிந்தது. வென்ற அணியும் ஒற்றுமையாக இல்லை. பொப்பிலியை ஏற்றிவைத்த முத்தையா செட்டியாருக்கு மந்திரிப் பதவி கிடைக்க 1936 வரை ஆயிற்று. பொப்பிலி ராஜா கெட்டிக்காரர், சுறுசுறுப்பானவர். ஆனால் ஜமீனை நடத்துவது போலக் கட்சியை நடத்தினார். 1934இல் தாலுகா போர்டுகளை ஒழித்தார். நிர்வாகக் காரணம் சொல்லப்பட்டது. ஆனால் தாலுகா மட்டத்தில் கட்சிக்கு உயிராயிருந்த நூற்றுக்கணக்கான சின்னப் பெரிய மனிதர்கள் ஒரே சட்டத்தில் பதவியிழந்தார்கள். தான் உட்கார்ந்திருந்த கிளையை வெட்டியது கட்சி. அதே வருடம் மத்திய சட்டசபைத் தேர்தலில் கட்சியின் பெரிய புள்ளியான ஆர்.கே. சண்முகம் செட்டியாரே தோற்றார். அபாயச் சங்கு ஊதிவிட்டது, கேட்டவர் இல்லை.

பெரியார் 1932 நவம்பரில்தான் ரஷ்யாவும் ஐரோப்பாவும் சுற்றித் திரும்பினார். அவர் ஊரில் இல்லாத மாதத்தில் தஞ்சாவூர் நடந்து முடிந்திருந்தது. ஜமீன்தார்களைப் பற்றி அவருக்கு மயக்கம் எதுவும் கிடையாது. சமதர்மம் பேசிக்கொண்டு வந்தவர். இருந்தும் 1934இல் ஒரு வேலைத்திட்டத்தை நீட்டி நீதிக்கட்சியோடு உறவைப் புதுப்பித்தார். திட்டத்தைக் கட்சி ஏற்றது. காகிதத்தில் ஏற்றது என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1937 பிப்ரவரித் தேர்தலில் கீழ்ச்சபையின் 215 இடங்களில் காங்கிரசுக்கு 159. நீதிக்கட்சிக்கு 18. பொப்பிலி ராஜா தன் சொந்த பொப்பிலியிலேயே தொழிற்சங்கத் தலைவர் வி.வி. கிரியிடம் தோற்றார். சொந்தக் குடிகளே ராஜாவைக் கைவிட்ட அந்தச் செய்தி மற்றெல்லாத் தோல்விகளையும்விடப் பெரிதாகப் பேசப்பட்டது. தேர்தலுக்குப் பிறகு ராஜா அரசியலிலிருந்து ஒதுங்கினார். நாயுடு உயிரோடிருந்து, அவர் தலைமையில் கட்சி நின்றிருந்தால் வென்றிருக்குமா என்று கேட்பீர்கள். வென்றிருக்காது. காந்தியின் அலைக்கு முன் யார் நின்றாலும் விழுந்திருப்பார்கள். ஆனால் தோற்ற பிறகும் எதிர்க்கட்சியாக எழுந்து நிற்கக் கட்சியில் ஆள் மிஞ்சியிருக்கும்.

மிஞ்சிய சிலரில் ஒருவர் பன்னீர்செல்வம். தஞ்சைச் சண்டைக்கு முந்தைய வருடம் அவர் லண்டனில் இரண்டாவது வட்டமேசை மாநாட்டில் இந்தியக் கிறிஸ்தவர்களின் பிரதிநிதியாக உட்கார்ந்திருந்தார். அம்பேத்கர், ஆகாகான் ஆகியோரோடு சிறுபான்மையோர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். பிறகு பொப்பிலி காலத்தில் கவர்னரின் நிர்வாக சபையில் உள்துறை உறுப்பினர். நிர்வாகத் திறமை, மக்கள் தொடர்பு, ஒரு முழு ஜில்லாவின் ஆதரவு எல்லாம் இருந்தும் கட்சித் தலைமைக்கு அவர் பெயர் அடிபடவில்லை. ஜமீனும் இல்லை, செட்டிநாட்டுப் பணமும் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. 1937க்குப் பிறகு ராஜாக்கள் ஒதுங்கிக்கொண்டபோது, ராஜாஜியின் கட்டாய இந்தியை எதிர்த்துச் சட்டசபையில் பேசியவர் அவர். 1938 டிசம்பரில் சென்னையில் கூடிய மாநாடு சிறையிலிருந்த பெரியாரைத் தலைவராக்கியபோது, பெரியாரின் தலைமையுரையை மேடையில் படித்தவரும் அவரே. ஆறு வருடம் முன்பு தலைமை நாற்காலிக்காக அடித்துக்கொண்ட கட்சி, இப்போது ஜெயிலில் இருக்கிறவரைத் தலைவராக்கியது. அந்த நாற்காலிக்கு இனி போட்டியிட ஆளில்லை என்பதும் அதன் ஒரு காரணம்.

பிரிட்டிஷ் மந்திரிசபையின் இந்தியா மந்திரிக்கு ஆலோசகராக நியமனம் பெற்று லண்டன் புறப்பட்டார் பன்னீர்செல்வம். 1940 மார்ச் 1ஆம் தேதி அவர் சென்ற ஹானிபால் என்ற விமானம் ஓமன் வளைகுடாவுக்கு மேல் காணாமற்போனது. எட்டுப் பேர் இருந்தார்கள், ஒருவரும் கிடைக்கவில்லை. பெரியாருக்குப் பிறகு இவர் என்று பலர் நினைத்திருந்த ஒரே மனிதர் ஐம்பத்தொன்றாம் வயதில் போனார். நான்கு வருடம் கழித்து, 1944 ஆகஸ்டு 27ஆம் தேதி சேலத்தில் கட்சி திராவிடர் கழகமாயிற்று. பட்டங்களைத் துறக்க வேண்டும், தேர்தல் வேண்டாம் என்றதை ஏற்காதவர்கள் பழைய பெயரோடு தனியே நின்றார்கள். கொஞ்ச காலத்தில் அவர்களுக்குத் தலைவரானவர் பி.டி. ராஜன், 1932இல் நாயுடுவின் மந்திரி, பொப்பிலியின் மந்திரி.

அந்த மிச்சக் கட்சி 1952 பொதுத்தேர்தலில் ஒன்பது சட்டமன்றத் தொகுதிகளில் நின்றது. ராஜன் ஒருவர் மட்டும் வென்றார். தஞ்சாவூர் ஜில்லாவில் அப்போது மிராசுதார்களில் பலர் காங்கிரசுக்கு மாறியிருந்தார்கள். அவர்களை எதிர்த்துச் செங்கொடி பிடித்து வந்தவர்கள், இரண்டு நாள் தஞ்சை மாநாட்டில் யாருக்கும் நினைவுக்கு வராத அந்தப் பண்ணையாட்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் ராஜாஜி அரசு தஞ்சாவூர் ஜில்லாவுக்கென்றே பிறப்பித்த பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தின் கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)